கே.பி.எம். கடைசி வரிசை

ஜூன் 9, செவ்வாய்

வெயில். காலையிலேயே வாசல் கல் சுட்டது. குழாயில் தண்ணீர் இல்லை. மோட்டார் போடச் சொல்லி ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் கேட்க வேண்டும். சோப்பு, தீப்பெட்டி வாங்க வேண்டும்.

கடையில் முகூர்த்தக் கூட்டம். ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தோளில் புடவையைப் போட்டுப் போட்டு எடுத்து என் கை ஓய்ந்துவிட்டது. கடைசியில் முதலில் விரித்த அரக்குச் சிவப்பே போதும் என்றாள். அவள் அம்மா என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எத்தினி பசங்கமா?" இல்லை என்றேன். கல்யாணமே இல்லை என்றதும், "அய்யோ பாவம், தனியாவா இருக்கிறீங்க?" பில் போடும் வரை என் கையை விடவில்லை. நல்ல அம்மாதான். ஆனாலும் எரிச்சல்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போனைப் பார்த்தால், தலைகீழ் சங்கம் வாட்ஸப் குரூப்பில் மெசேஜ் குவிந்து கிடக்கிறது. புது பார்க்கில் ரோலர் கோஸ்டர் திறந்துவிட்டார்களாம். நவீன் (தாம்பரம், குரூப் அட்மின்) எழுதியிருந்தான்: "21 சண்டே எல்லாரும் மீட் பண்றோம். கே.பி.எம். ப்ரோ, உனக்குத்தான் ஸ்பெஷலா சொல்றேன். இந்த வாட்டியும் எஸ்கேப் ஆனா குரூப்ப விட்டே தூக்கிடுவேன்."

கே.பி.எம். ப்ரோ நான்தான்.

குரூப்பில் என் பெயர் ‘கே.பி.எம். கடைசி வரிசை’. கே.பி.எம். எங்கள் ஊர்ப் பெயரின் சுருக்கம். படத்துக்கு வளைந்த தண்டவாளம் ஒன்று. கோமதி என்றோ, வயது ஐம்பத்திரண்டு என்றோ, பட்டுக்கடையில் புடவை விரிக்கிறவள் என்றோ சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. ஒரு கோஸ்டர் வீடியோவுக்குக் கீழே, நடு வரிசையில் உட்கார்ந்துவிட்டு ரைடைக் குறை சொல்லாதே என்று நான் எழுதப்போக, நவீன் லிங்க் அனுப்பிச் சேர்த்துக்கொண்டான். அன்றிலிருந்து ப்ரோ. தினமும் என்னோடு சண்டை போட ஆள் இருக்கிறது. எனக்கு வேறு எங்கே இருக்கிறது?

சோப்பு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 10, புதன்

புது கோஸ்டர் வீடியோ மூன்று தடவை பார்த்தேன். சங்கிலி இழுத்துத்தான் மேலே ஏற்றுகிறார்கள். நல்ல விஷயம். இப்போதெல்லாம் கிளம்பும்போதே வீசியெறிகிற மாதிரி கட்டுகிறார்கள். அதில் பயப்படக்கூட நேரம் கிடைப்பதில்லை. கடகடவென்று மெதுவாக ஏறும்போதுதான், நமக்கு என்ன பைத்தியமா, வீட்டில் இருந்திருக்கலாமே என்று தோன்ற வேண்டும். அது தோன்றாவிட்டால் கோஸ்டர் இல்லை, வெறும் வண்டி.

மத்தபடி என் சந்தேகங்கள்:
முதல் இறக்கம் செங்குத்து இல்லை, ஏமாற்று வேலை. கேமராவைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார்கள்.
லூப் இரண்டு. தேவையில்லை.
சீட் பெல்ட்டோடு தோள் கம்பியும் இருக்கிறது. உடம்பு எழும்பாது.

எழும்புகிறதுதான் எனக்கு முக்கியம். மேடு தாண்டும்போது வயிறு மேலேயும் சீட்டு கீழேயும் போகிற அந்தக் கணம். கடைசி வரிசையில்தான் அது அதிகம். பையன்கள் அதற்கு இங்கிலீஷில் ஏதோ சொல்வார்கள். நான் எழும்பல் என்பேன். இப்போது குரூப்பில் எல்லோரும் எழும்பல் என்றுதான் எழுதுகிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

லூப் எல்லாம் போட்டோவுக்குத்தான் என்று எழுதினேன். உடனே ரேவதி பாய்ந்தாள். வேலூர்ப் பெண், காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடுகிறாள். "யோவ் கே.பி.எம்., உனக்கு ரசனையே கெடையாதுய்யா."
நான்: "தலைகீழா தொங்கறதுதான் ரசனைன்னா வௌவாலக் கேளு."
அவள்: "நீ மொதல்ல வெளியில வாய்யா. சும்மா வீட்லயே ஒக்காந்துக்கினு பேசற."

சிரித்ததில் டீ கொட்டிவிட்டது. நல்லவேளை, புடவை எதுவும் விரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த செல்வி, "யாருக்கா அது? போனப் பாத்துப் பாத்து சிரிச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள். அண்ணன் பெண் என்று சொன்னேன். அண்ணன் வாலாஜாபாத்தில்தான் இருக்கிறார். பஸ் ஏறினால் வந்துவிடலாம். அந்தப் பெண் எனக்குப் போன் செய்து மாதக்கணக்காகிறது.

ஜூன் 12, வெள்ளி

சாயங்காலம் கடை வாசலில் சாமி புறப்பாடு. எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். ஆனால் கண் வாகனம் தூக்குகிறவர்கள் கால் மேல்தான். மூலை திரும்பும்போது வெளிப்பக்கம் தோள் கொடுத்தவர்கள் எட்டி ஓடினார்கள், உள்பக்கத்தார் நின்ற இடத்திலேயே மிதித்தார்கள். சாமி லேசாக உள்ளே சாய்ந்து அப்படியே திரும்பினார். குடை ஆடவில்லை. கோஸ்டர் கட்டுகிறவர்கள் வந்து இதைப் பார்க்க வேண்டும். எத்தனை பார்க்கில் வளைவை ஒழுங்காகச் சாய்க்கத் தெரியாமல் கழுத்தை உடைக்கிறார்கள்.

இதைக் குரூப்பில் எழுதலாம் என்று பார்த்தேன். எழுதினேன். நவீன்: "ப்ரோ நீ வேற லெவல். சாமிக்கே ரிவ்யூ போடற."

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பின்னால் பார்த்து உட்காரும் சீட்டு. வேகத்தடையில் டிரைவர் பிரேக்கே போடவில்லை. நல்ல எழும்பல். பக்கத்தில் இருந்த, ஓரிக்கைக்குப் போகிற அம்மா டிரைவரைத் திட்டித் தீர்த்தார். நான் அடுத்த வேகத்தடை எங்கே என்று பார்த்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

அரை நாள் வேலை. மிச்ச நேரம் வீடு. துணி துவைத்தேன். கத்தரிக்காய் குழம்பு, ஒருத்திக்கு எவ்வளவு குறைத்து வைத்தாலும் மிஞ்சுகிறது. ராத்திரிக்கும் அதே.

பரணிலிருந்து பையை எடுத்து சுடிதாரைப் பார்த்தேன். மாம்பழக் கலர். பார்க்குக்கு மட்டும் போடுவது. ரைடில் புடவைக்கு அனுமதி கிடையாது. சக்கரத்தில் மாட்டும், சரியான விதிதான். ஆனால் இந்தத் தெருவில் நான் சுடிதாரோடு இறங்கினால் ஹவுஸ் ஓனர் அம்மா ஒரு வாரத்துக்கு அதையே பேசுவார். அதனால் புடவையில் கிளம்புவது, பார்க்கில் மாற்றிக்கொள்வது, சாயங்காலம் மறுபடியும் புடவையில் வந்து இறங்குவது. கேட்டால் சொந்தக்காரர் வீடு.

இந்தப் பைத்தியம் பிடித்ததே கடையில் கூட்டிக்கொண்டு போன டூரில்தான். அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. எல்லாப் பெண்களும் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். யாரோ கொண்டுவந்திருந்த சுடிதாரை வாங்கிப் போட்டுக்கொண்டு நான் மட்டும் ஏறினேன். கூட வந்த இரண்டு ஆண்கள் இறங்கியதும் வாந்தி. நான் மறுபடியும் க்யூவில் போய் நின்றேன். அந்த முதல் இறக்கத்தில் நான் கத்தினேன். அதற்கு முன்னால் எப்போது கத்தினேன் என்று நினைவில்லை. கடையில் சத்தமாகப் பேசக் கூடாது, வீட்டில் பேச ஆள் கிடையாது.

தனியாகப் போவதில் ஒன்று பிடிக்காது. ஏற்றிவிடும் பையன் ஒவ்வொரு தடவையும், "ஒருத்தரா? கூட யாரும் வரலியாம்மா?" என்பான். பக்கத்து சீட்டில் யாரையாவது உட்கார வைப்பான். அந்த ஆள் இறங்கியதும் தன் கூட்டத்தோடு போய்விடுவான். ரைடு எப்படி இருந்தது என்று கேட்கத் திரும்பினால் காலி சீட்டு.

அப்புறம் பெஞ்சுகள். எல்லா பார்க்கிலும் கோஸ்டருக்கு எதிரே மரத்தடியில் பெஞ்சு போட்டிருப்பார்கள். என் வயதுப் பெண்கள் முழுக்க அதில்தான். மடியில் பத்து பேருடைய பை, செருப்பு, கண்ணாடி, தண்ணீர் பாட்டில். அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த பெஞ்சைத் தாண்டும்போது நான் நடையை எட்டிப் போடுவேன்.

ஜூன் 17, புதன்

லீவு கேட்டேன். மேனேஜர் நம்பவில்லை. "முகூர்த்த சீசன்ல ஞாயித்துக்கெழம லீவா? கோமதிமா, நீங்களா கேக்கறீங்க?" சொந்தக்காரர் வீட்டில் விசேஷம் என்றேன். "போய்ட்டு வாங்க. என்ன விசேஷம்?" வாயில் வந்தது, நிச்சயதார்த்தம். யாருக்கு என்று நல்லவேளை அவர் கேட்கவில்லை.

லீவு கிடைத்துவிட்டது. இப்போதுதான் பயம்.

நவீன் வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறான். "கே.பி.எம்., ஒரு வாட்டியாவது வாய்ஸ்ல பேசேண்டா. நீ ஆளா இல்ல கம்ப்யூட்டரா?" பின்னால் எல்லோரும் சிரிக்கிற சத்தம். மைக் ரிப்பேர் என்று எழுதினேன். போன தடவையும் அதே மைக்தான்.

போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். இந்த அம்மா இவ்வளவு நாள் நம்மை ஏமாற்றியது என்பார்கள். அல்லது சிரிப்பார்கள். போகாவிட்டால் நவீன் குரூப்பை விட்டு எடுத்துவிடுவான். விளையாட்டாகச் சொன்னான்தான், ஆனால் செய்யக்கூடியவன். இரண்டிலும் நான் இழப்பது அதே ஆட்களைத்தான். பக்கத்து சீட்டில் தெரிந்த ஆள் ஒருவர் இருக்க, ஒரு தடவையாவது ஏற வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்கு இவ்வளவு நடுங்குகிறேன்.

ஜூன் 20, சனி

மழை வரும் போல இருந்து வரவில்லை. புழுக்கம். செருப்பு வார் தைத்தேன். சுடிதார் இஸ்திரி.

மத்தியானம் குரூப்பில் எழுதினேன்: "நாளைக்கு வர்றேன். ஒரு விஷயம், நான் நீங்க நெனக்கிற ஆள் இல்ல." அழித்தேன். "எனக்கு வயசு கொஞ்சம் அதிகம்." அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "நாளைக்கு வர்றேன்."

ரேவதி: "நம்ப மாட்டேன்."
நவீன்: "காலைல கோஸ்டர் வாசல். யானை பொம்மைகிட்ட. எப்டி கண்டுபுடிக்கிறது ப்ரோ உன்ன?"
நான்: "நான் கண்டுபுடிக்கிறேன்."

ஹவுஸ் ஓனர் அம்மா நாளைக்கு என்ன சமையல் என்று கேட்டார். ஊரில் இல்லை என்றேன். "ஒண்டிக்கட்டைக்கு இன்னாமா, நெனச்சா கெளம்பிடலாம்" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூன் 21, ஞாயிறு

பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த பெஞ்சில்தான்.

நேரத்தோடு வந்துவிட்டேன். மாற்றிக்கொள்ளப் போயிருக்கலாம். முதலில் அவர்களைத் தூரத்திலிருந்து பார்த்துவிடலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று புடவையோடு யானை பொம்மை எதிரே உட்கார்ந்தேன். கோழைத்தனம். வேறென்ன.

ஆறு பேர் வந்தார்கள். நவீனைக் குரலை வைத்தே தெரிந்துவிட்டது. நினைத்ததைவிடக் குள்ளம். ரேவதி கண்ணாடி போட்டிருக்கிறாள், ஒல்லி, ஓயாமல் பேசுகிறாள். மற்றவர்களின் பெயரைப் பேச்சிலிருந்து பிடித்துக்கொண்டேன். எனக்கு எல்லோரையும் தெரியும். ஒருத்தன் போன மாதம் வேலையை விட்டான். ஒருத்தனுக்கு உயரம் என்றாலே பயம், ஆனாலும் ஏறுவான். எழுந்து போக வேண்டும், எழுந்து போக வேண்டும் என்று கால் சொல்கிறது, உடம்பு வரவில்லை.

"கே.பி.எம். எங்கடா?"
"வர மாட்டான்டா. நான்தான் சொன்னேன்ல."
"லாக்கர் ஃபுல்லாம்டா. பேக இன்னா பண்றது?"

அப்போது நவீன் திரும்பி என்னைப் பார்த்தான். நேராக வந்தான். கண்டுபிடித்துவிட்டான் என்றே நினைத்தேன், சிரிக்கக்கூடச் செய்தேன்.

"ஆண்ட்டி, இங்கதான ஒக்காந்திருப்பீங்க? இந்த பேக மட்டும் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? போனெல்லாம் உள்ள இருக்குது. ஒரே ரவுண்டு, வந்துடுவோம்."

"சரிப்பா" என்றேன்.

அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. மடியில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். ரேவதி மட்டும் திரும்பி, "தேங்க்ஸ் ஆண்ட்டி" என்றாள்.

க்யூ நீளம். அவர்கள் ஏற இன்னும் நேரம் ஆகும். பை கனக்கிறது. இரு பக்கமும் என் வயதுப் பெண்கள். இடது பக்கத்து அம்மா, "உங்க பசங்களா?" என்றார். தெரிந்தவர்கள் என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

கோஸ்டர் தலைக்கு மேலே போகிறது. கீழிருந்து கேட்க நன்றாகவே இருக்கிறது. சங்கிலிச் சத்தம் சுத்தம். முதல் இறக்கம் நான் நினைத்ததைவிடச் செங்குத்து. கேமராவை நான் தவறாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ஏறிவிட்டார்கள். நடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், முட்டாள்கள். ஆறு பேருக்குப் பின்னால் கடைசி வரிசை இரண்டு சீட்டும் காலி.

போனை எடுத்தேன். குரூப்பில் எழுதினேன்: "வந்துட்டேன்." அனுப்பினேன்.

மடியில் இருந்த பை முழுக்க அதிர்ந்தது.

இறங்கிவிட்டார்கள். இந்தப் பக்கம்தான் வருகிறார்கள்.

ஜூன் 22, திங்கள்

கடை. நேற்று பாதியில் நின்றது.

பையை வாங்கியதும் முதலில் போனை எடுத்தது ரேவதி. "டேய், கே.பி.எம். வந்துட்டான்டா!" ஆறு பேரும் யானை பொம்மையைப் பார்த்தார்கள், வாசலைப் பார்த்தார்கள், ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நின்ற பையன்கள் ஒவ்வொருவனையும் பார்த்தார்கள். என் தலைக்கு மேலாகவே பார்த்தார்கள். நவீன் "எங்க ப்ரோ" என்று அடித்தான். என் கையில் இருந்த போன் சத்தம் போட்டது.

ரேவதிதான் குனிந்து பார்த்தாள்.

"நான்தான்மா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை. நவீன் முகம் செத்துவிட்டது. "ஐயையோ, பேகக் குடுத்து ஒக்கார வெச்சிட்டனே. சாரி ஆண்ட்டி. சாரி." அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் போய்ச் சுடிதாருக்கு மாறி வந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

க்யூவில் எனக்கு வழி விட்டார்கள். தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். "படி பாத்து ஆண்ட்டி." வாரக்கணக்கில் என்னை யோவ், வாடா, போடா என்றவர்கள். நான் ஏதாவது சொன்னால் ஆறு தலையும் ஆடியது. கடைசி வரிசையில் ரேவதி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏறும்போது பேசவில்லை. இறக்கத்தில் நான் கத்தினேன், அவளும் கத்தினாள். எழும்பல் இருந்தது, தோள் கம்பியை மீறி. இறங்கித் திரும்பிப் பார்த்தேன். ஆள் அங்கேயே இருந்தாள். எப்படி என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு ஆண்ட்டி."

அவ்வளவுதான். வேலூர் ரேவதிக்குச் சொல்ல அவ்வளவுதான் இருந்ததா?

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. புடவையைச் சரியாகக் கட்டவில்லை, கொசுவம் ஒரு பக்கம் இழுத்தது. யாருக்கும் தெரிந்திருக்காது.

செல்வி: "நிச்சயதார்த்தம் நல்லபடியா முடிஞ்சிச்சாக்கா?" முடிந்தது என்றேன்.

ஜூன் 23, செவ்வாய்

குரூப்பில் காலையில் ரோஜாப்பூப் படம். "குட் மார்னிங் ஆண்ட்டி." நவீன் போட்டது. இதுவரை அந்தக் குரூப்பில் யாரும் யாருக்கும் குட் மார்னிங் சொன்னதில்லை.

பழைய மெசேஜ் சிலவற்றை அழித்திருக்கிறார்கள். கெட்ட வார்த்தை இருந்ததெல்லாம். நான் அதையெல்லாம் படித்துச் சிரித்தவள்தானே?

அப்புறம் நாள் முழுக்க ஒன்றுமில்லை. இத்தனை பேச்சுப் பேசுகிறவர்கள் ஒரு நாள் சும்மா இருப்பார்களா? வேறு குரூப் ஆரம்பித்திருப்பார்கள். நான் இல்லாமல். அவர்கள் மேல் தப்பில்லை. அம்மா வயதுக்காரி எதிரே எப்படிப் பேசுவார்கள்? தப்பில்லை என்று எழுதுகிறேன், ஆனால் வலிக்கிறது. போகாமலே இருந்திருக்கலாம். நவீன் குரூப்பை விட்டு எடுத்துத்தானே இருப்பான். எடுத்திருந்தால்கூட சண்டைக்காரனாக வெளியே போயிருப்பேன்.

இரவுச் சாப்பாடு வேண்டாம். மோர் மட்டும்.

ஜூன் 24, புதன்

தூறல். கடையில் கூட்டம் குறைவு. மாடியில் பாய் விரித்து, கலைந்து கிடந்த புடவைகளை மடித்தோம்.

மத்தியானம் என்ன தோன்றியதோ, குரூப்பில் நீளமாக ரிவ்யூ எழுதினேன். பழைய மாதிரியே. சங்கிலி நல்லது, முதல் இறக்கம் நல்லது, லூப் தேவையில்லை என்பதில் மாற்றமில்லை, கடைசி வளைவுதான் மொத்த ரைடிலும் சிறந்தது, அங்கே சாய்த்த விதம் சுத்தம், வேண்டுமானால் யாராவது மறுத்துப் பேசுங்கள்.

"சூப்பர் ஆண்ட்டி."
"கரெக்ட் ஆண்ட்டி."
"செம ஆண்ட்டி."
நவீன் கும்பிடுகிற கை மட்டும் போட்டான்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஒரு கல்யாணக் கோஷ்டி வந்தது, பச்சை காட்டு, மயில் காட்டு என்று விரிக்க வைத்தார்கள். ஒன்றும் எடுக்காமல் போனார்கள். மடித்து முடித்துப் போனை நிமிர்த்தினால் ரேவதி. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக.

"ஒத்துக்கவே மாட்டேன்."
"கடைசி வளைவு சிறந்ததா? அங்க பிரேக் புடிக்கறான். வண்டி செத்துப் போய் வருது. அதுக்கு மாட்டு வண்டியே பரவால்ல."
"மூணு நாளா எவனும் வாயத் தொறக்கல. நானும் தொறக்கல. ஆனா இத எப்டி வுடறது?"
"கடைசி வளைவுல நீங்க கண்ண மூடிக்கினு இருந்தீங்க. பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன், பாத்தேன். மூடிக்கினு இருந்துட்டு ரிவ்யூ வேறயா? இன்னாய்யா ஞாயம் இது?"

ய்யா என்று எழுதியிருக்கிறாள்.

நான் கண்ணை மூடவில்லை. காற்றில் தூசி. ஒரு கண் மட்டும் கொஞ்சம். அதுவும் வளைவு முடிந்த பிறகு. பிரேக்கும் வளைவில் இல்லை, அதற்கு முந்தின நேர்த்தண்டவாளத்தில். இவளுக்கு வளைவு எது, நேர் எது என்றே தெரியவில்லை. கீழே இன்னொரு கோஷ்டி வந்திருக்கிறது என்று செல்வி கூப்பிடுகிறாள். வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டேன், சத்தமாகவே கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது, மாடிப்படிக்குக் கீழிருந்து மேனேஜர் நிமிர்ந்து பார்க்கிறார். பார்க்கட்டும். முதலில் இவளுக்குப் பதில்.